கணினியில் எழுத்துரு நிறுவுவதும் சரிபார்ப்பு எச்சரிக்கைகளைக் கையாள்வதும்: முழுமையான வழிகாட்டி

எழுத்துரு நிறுவும்போது ‘இது செல்லுபடியாகும் எழுத்துருக் கோப்பு அல்ல’ என்றோ, ‘சிறு பிழைகள் உள்ளன, கவனம்’ என்றோ கணினி சொன்னால் பெரும்பாலும் கோளாறு எழுத்துருவை உருவாக்கியவரிடம் இல்லை. ஒன்று, பதிவிறக்கம் சரியாக நடந்திருக்காது. இல்லையென்றால் அதே எழுத்துருவின் பழைய பிரதி ஏற்கெனவே கணினியில் கிடக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ‘இன்ஸ்டால்’ பொத்தான் ஐந்தாவது படியில் வருகிறது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு உதவப் போனபோதெல்லாம் கவனித்திருக்கிறேன்: முதல் நான்கு படிகளைத் தாண்டிப் போனவர்கள்தான் ஆறாவதில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் வரிசை ஒன்றே. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எழுத்துருவை வெளியிட்டவரின் சொந்தப் பக்கத்திலிருந்தோ, நம்பகமான எழுத்துருத் தொகுப்பிலிருந்தோ எடுத்த மூலக்கோப்பு வேண்டும். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, பென்டிரைவில் பல வருடம் சுற்றியது போன்றவை வேண்டாம். எந்தப் பதிப்பு, யார் திருத்தியது, உரிமம் என்ன என்பது எதுவுமே அப்படி வந்த கோப்பில் தெரியாது. எச்சரிக்கை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க மூலமும் இருக்காது.

கணினியின் அட்மின் கடவுச்சொல் தேவைப்படலாம். அலுவலகக் கணினி என்றால் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில அலுவலகங்களில் வெளி எழுத்துருக்களை ஏற்காதபடி கணினியையே பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே என்ன செய்தாலும் நடக்காது, நிர்வாகியிடம்தான் போக வேண்டும்.

வேர்டு, ஃபோட்டோஷாப் போன்றவற்றில் திறந்து வைத்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். பின்னால் அவற்றை மூட வேண்டியிருக்கும்.

1. சரியான கோப்பைத் தேர்ந்தெடுங்கள்

கணினியில் நிறுவ ஏற்றவை டிடிஎஃப், ஓடிஎஃப் என்று முடியும் கோப்புகள். பல எழுத்துருக்களை ஒரே கோப்பில் அடக்கிய டிடிசி வகையும் உண்டு, அதையும் நிறுவலாம். வோஃப், வோஃப் 2 என்று முடிபவை இணையப் பக்கங்களுக்காகச் சுருக்கப்பட்டவை. உள்ளே இருப்பது அதே எழுத்துருதான் என்றாலும் விண்டோஸ் அவற்றை நிறுவாது. பெயரின் கடைசியை மட்டும் டிடிஎஃப் என்று மாற்றினாலும் பயனில்லை, உள்ளே இருக்கும் அமைப்பு மாறவில்லையே.

ஒரே எழுத்துரு டிடிஎஃப், ஓடிஎஃப் இரண்டிலும் கிடைத்தால் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் நிறுவினால் ஒரே பெயரில் இரண்டு நிற்கும், எது திரையில் வருகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். அலுவலக ஆவணங்களுக்கு டிடிஎஃப் பாதுகாப்பான தேர்வு.

‘டைப் 1’ என்ற பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை எழுத்துருக்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று இரண்டு கோப்புகளாக இருக்கும். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் இவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இவற்றை நிறுவப் போராட வேண்டாம், அதே எழுத்துருவின் ஓடிஎஃப் பதிப்பைத் தேடுங்கள்.

இப்போது அதிகம் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருகிறேன். கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவை இறக்கினால், ஜிப்புக்குள் வெளியே ஒரு பெரிய கோப்பும், ‘ஸ்டாட்டிக்’ என்ற ஃபோல்டருக்குள் பல சிறு கோப்புகளும் இருக்கும். வெளியே இருப்பது மாறும் எழுத்துரு. மெல்லியது முதல் தடித்தது வரை எல்லாப் பருமனும் அந்த ஒரே கோப்பில் அடக்கம். ஓப்பன்டைப் என்ற எழுத்துருத் தரத்தின் 1.8 பதிப்போடு 2016-இல் வந்த ஏற்பாடு இது. ‘ஸ்டாட்டிக்’ ஃபோல்டரில் இருப்பவை பருமனுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்த அதே எழுத்துக்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நிறுவினால் ஒரே குடும்பம் இரண்டு தடவை உள்ளே போகும், எச்சரிக்கையும் வரக்கூடும்.

எதை எடுப்பது? உங்கள் மென்பொருள் மாறும் எழுத்துருக்களை நன்றாகக் கையாளும் என்று உறுதியாகத் தெரிந்தால் வெளியே இருப்பது. தெரியாவிட்டால் ‘ஸ்டாட்டிக்’ ஃபோல்டரில் இருப்பவை. வேர்டில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அதிலும் ‘ரெகுலர்’ ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். ‘போல்ட்’ கோப்பு இல்லாவிட்டால், ‘பி’ பொத்தானை அழுத்தும்போது மென்பொருள் தானே எழுத்தின் ஓரத்தைத் தடிமனாக்கிப் போலித் தடிப்பு ஒன்றை உண்டாக்கும். ‘ணை’, ‘ஞு’ போன்ற நெருக்கமான எழுத்துகளில் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபட்டு மை ஊறியது போலத் தெரியும். அச்சில் இது இன்னும் மோசம்.

2. ஜிப்பை முழுதாகப் பிரியுங்கள்

விண்டோஸில் ஜிப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் அதுவும் ஒரு ஃபோல்டர் மாதிரியே திறக்கும். அங்கிருந்தபடியே எழுத்துருவைத் திறந்து நிறுவப் பார்ப்பார்கள். நிறுவல் நடக்காமல் போக இது ஒரு சாதாரணக் காரணம். ஜிப்புக்குள் இருக்கும் கோப்பு இன்னும் தனிக் கோப்பாக வட்டில் எழுதப்படவில்லை. ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்து, பிரித்த ஃபோல்டரிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பிரிக்கும் முன் இன்னொன்றும் செய்யலாம். ஜிப்பின் ‘ப்ராபர்டீஸ்’ பெட்டியில், ‘ஜெனரல்’ பக்கத்தின் அடியில் ‘அன்பிளாக்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா பாருங்கள். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் வைத்த அடையாளம் அது. மூலம் நம்பகமானதுதான் என்று உறுதியானால் அதை டிக் செய்துவிட்டுப் பிரியுங்கள். பிரித்த பிறகு செய்தால் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டிவரும்.

பிரித்ததில் உரிமக் கோப்பு ஒன்று இருக்கும். அதைத் தூக்கி எறியாமல் எழுத்துருவோடு சேர்த்தே வையுங்கள்.

3. அது எழுத்துருதானா என்று பாருங்கள்

வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் ‘செல்லாத எழுத்துரு’ என்ற செய்திக்குப் பின்னால் இதுதான் பல தடவை இருக்கிறது. கிட்ஹப் போன்ற தளங்களில் கோப்பின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து சேமிக்கும்போது, எழுத்துருவுக்குப் பதில் அந்த எழுத்துருவைக் காட்டும் இணையப் பக்கம் சேமிக்கப்பட்டுவிடும். பெயர் டிடிஎஃப் என்றே இருக்கும். உள்ளே இருப்பது வெறும் எச்டிஎம்எல்.

கண்டுபிடிப்பது எளிது. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கோணக் குறிகளுக்குள் ‘டாக்டைப்’, ‘எச்டிஎம்எல்’ என்ற ஆங்கிலச் சொற்களோடு வாசிக்கக்கூடிய வரிகள் தொடங்கினால் அது இணையப் பக்கம். உண்மையான எழுத்துரு என்றால் முழுக்கப் புரியாத குறிகளாக இருக்கும், நடுவே நான்கு எழுத்துச் சொற்கள் சில தெரியும். அவை உள்ளே இருக்கும் அட்டவணைகளின் பெயர்கள். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் நல்ல கோப்பும் கெட்டுப்போகும்.

கோப்பின் அளவும் துப்புக் கொடுக்கும். பூஜ்யம் அல்லது ஓரிரு கேபி என்றால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ பகுதியில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டால், டிடிஎஃப் என்று நினைத்தது வேறொன்றாக இருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு இரட்டைக் கிளிக் செய்து முன்னோட்டத்தைத் திறங்கள். இன்னும் நிறுவ வேண்டாம். மாதிரி எழுத்துகள் வருகின்றனவா, பதிப்பு எண் என்ன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘டிஜிட்டலி சைன்டு’ என்ற சொல் அங்கே இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. கையொப்பமில்லாத நல்ல எழுத்துருக்கள் ஏராளம்.

4. பழைய பிரதியை முதலில் நீக்குங்கள்

இந்தப் படியைச் செய்யச் சொன்னால் பலர் தயங்குவார்கள். புதியதை நிறுவினால் பழையதன்மேல் அது எழுதப்பட்டுவிடாதா என்று கேட்பார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

கணினி எழுத்துருவைக் கோப்பின் பெயரால் அடையாளம் காண்பதில்லை. கோப்புக்குள் ‘நேம்’ என்று ஒரு அட்டவணை இருக்கிறது. குடும்பப் பெயர், பாணிப் பெயர், முழுப்பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர், பதிப்பு எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இரண்டு கோப்புகளின் பெயர் வேறாக இருந்தும் உள்ளே போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் ஒன்றாக இருந்தால் கணினிக்கு இரண்டும் ஒரே எழுத்துரு. ஒரே வீட்டு எண்ணை இரண்டு வீட்டுக்குக் கொடுத்த மாதிரிதான், கடிதம் எந்த வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு மென்பொருள் பழையதை எடுக்கும், இன்னொன்று புதியதை எடுக்கும். வரி முறியும் இடங்கள் மாறும், பக்க எண்ணிக்கை மாறும்.

விண்டோஸில் ‘செட்டிங்ஸ்’, ‘பெர்சனலைசேஷன்’, ‘ஃபான்ட்ஸ்’ என்று போய்ப் பெயரைத் தேடி ‘அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால் எல்லா மென்பொருள்களையும் மூடிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் மறுத்தால் கணினியை ரீஸ்டார்ட் செய்து, வேறெதையும் திறக்கும் முன் நீக்குங்கள்.

மேக்கில் ‘ஃபான்ட் புக்’ திறந்து தேடினால் இரட்டைப் பிரதிகளுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி இருக்கும். ஒவ்வொரு பிரதியும் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்பதைத் தகவல் பகுதியில் பார்த்து, பழையதை நீக்குங்கள்.

இயங்குதளத்தோடு வந்த எழுத்துருக்களில் கை வைக்காதீர்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் போன்றவை கணினியே திரையில் தமிழைக் காட்டப் பயன்படுத்துபவை. நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவற்றை நீக்கப் போவது வம்பு.

5. நிறுவுங்கள்

சரி, இப்போது நிறுவலாம். அதற்கு முன் வேர்டு, பிரவுசர், வடிவமைப்பு மென்பொருள் எல்லாவற்றையும் மூடுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் தொடங்கும்போதுதான் எழுத்துருப் பட்டியலை வாசிக்கின்றன. திறந்தே இருந்தால் புதியது பட்டியலில் வராது. ‘நிறுவவில்லை போல’ என்று நினைத்து மறுபடி நிறுவுவார்கள், இரட்டைப் பிரதி அங்கேதான் பிறக்கிறது.

விண்டோஸ்: கோப்பின்மேல் ரைட் கிளிக் செய்தால் ‘இன்ஸ்டால்’, ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்று இரண்டு வழி. விண்டோஸ் 11-இல் இவை ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கலாம். முதல் வழியில் எழுத்துரு உங்கள் கணக்குக்குள் மட்டும் போகும், அட்மின் அனுமதி வேண்டாம். இரண்டாவதில் கணினியின் பொதுவான ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டருக்குப் போகும். சில பழைய மென்பொருள்கள் அந்தப் பொது ஃபோல்டரை மட்டுமே பார்க்கும். ஆகவே அனுமதி இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். ஒரு தடவை அப்படி, ஒரு தடவை இப்படி என்று மாற்றி நிறுவினால் இரண்டு இடத்திலும் பிரதி சேரும்.

‘ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது, மாற்றவா?’ என்று கேட்டால் நான்காம் படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ‘நோ’ சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் நீக்கிவிட்டு வாருங்கள்.

மேக்: கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஃபான்ட் புக் திறக்கும், ‘இன்ஸ்டால்’ கொடுக்கலாம். அதற்கு முன் ஃபான்ட் புக்கின் அமைப்புகளில் எங்கே நிறுவ வேண்டும் என்பதைப் பாருங்கள். உங்களுக்கு மட்டுமா, எல்லாப் பயனர்களுக்குமா என்பதை அங்கேதான் தீர்மானிக்க வேண்டும். ஃபான்ட் புக் வழியாக நிறுவுவதில் லாபம், அது கோப்பைச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். நேராக ஃபோல்டரில் இழுத்துப் போட்டால் அந்தச் சோதனை நடக்காமலே போகும்.

லினக்ஸ்: வீட்டு அடைவில் ‘லோக்கல்’ என்ற மறைந்த அடைவு, அதனுள் ‘ஷேர்’, அதனுள் ‘ஃபான்ட்ஸ்’. இல்லையென்றால் உருவாக்கி, கோப்புகளை அங்கே வைத்து, டெர்மினலில் எஃப்சி-கேஷ் கட்டளையைக் கொடுங்கள். எஃப்சி-லிஸ்ட் கொடுத்தால் புதிய பெயர் பட்டியலில் வர வேண்டும். கணினி முழுவதற்கும் பொதுவான அடைவில் வைக்க அட்மின் அனுமதி தேவை.

எத்தனை எழுத்துரு நிறுவுவது? தேவையானதை மட்டும். நூற்றுக்கணக்கில் ஒரே மூச்சில் ஏற்றினால், எச்சரிக்கை வரும்போது எந்தக் கோப்பால் வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. ஒரு குடும்பம் நிறுவி, சோதித்து, அப்புறம் அடுத்தது.

6. எச்சரிக்கையைப் படியுங்கள்

வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ‘பரவாயில்லை’ என்று தள்ளிவிடுவது ஒரு பழக்கம். சிறு எச்சரிக்கையைக் கண்டு நல்ல எழுத்துருவைத் தூக்கிப் போடுவது இன்னொரு பழக்கம். எச்சரிக்கை எதைச் சோதித்துவிட்டு வருகிறது என்று தெரிந்தால் இரண்டும் நின்றுவிடும்.

எழுத்துருக் கோப்பு ஒரு படத் தொகுப்பு அல்ல. பல அட்டவணைகள் சேர்ந்த ஒரு கட்டமைப்பு. ‘சிமேப்’ என்ற அட்டவணை எந்த யூனிகோட் எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்லும். ‘கிளிஃப்’ அல்லது ‘சிஎஃப்எஃப்’ அட்டவணையில் வடிவங்களின் கோடுகள் இருக்கும். ‘ஜிசப்’ அட்டவணை எழுத்துகள் சேரும்போது எந்த வடிவத்தை மாற்றிப் போட வேண்டும் என்று சொல்லும். தமிழ் சரியாக வருவது இதைப் பொறுத்தது. ‘கெர்ன்’ அட்டவணை எழுத்துச் சோடிகளின் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். சரிபார்ப்பு என்பது, இவை உரிய இடத்தில் இருக்கின்றனவா, சொன்ன நீளத்துக்கு இருக்கின்றனவா, ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான். எழுத்து அழகாக இருக்கிறதா, தமிழ் சரியாகச் சேர்கிறதா என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை.

மேக்கின் ஃபான்ட் புக்கில் சரிபார்ப்பை நாமே ஓட்டலாம். எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ‘ஃபைல்’ மெனுவில் ‘வாலிடேட்’ கொடுங்கள். பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் பிழை. பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை அழுத்தினால் எந்தச் சோதனையில் சிக்கியது என்று விரியும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் அந்த வரியைப் படியுங்கள்.

இரட்டைப் பிரதி என்று மஞ்சள் வந்தால் எழுத்துருவில் குறையில்லை. நான்காம் படிக்குப் போங்கள். ‘கெர்ன்’ பற்றிய மஞ்சள் என்றால் சில எழுத்துச் சோடிகளின் இடைவெளியில் பிசகு இருக்கலாம், அவ்வளவுதான். நம்பகமான இடத்திலிருந்து வந்த எழுத்துரு என்றால் பயன்படுத்தலாம். ‘நேம்’ அட்டவணை பற்றிய எச்சரிக்கையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எழுத்து வரும், ஆனால் மெனுவில் பெயர் விசித்திரமாக வரலாம், ‘போல்ட்’ தன் குடும்பத்தோடு சேராமல் தனியே நிற்கலாம். வீட்டில் கடிதம் அடிக்கப் போதும். பலர் கைமாறும் ஆவணத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

சிவப்பு வந்தால் நிறுவாதீர்கள். ‘சிமேப்’, ‘கிளிஃப்’ போன்ற அடிப்படை அட்டவணை உடைந்திருந்தால் மென்பொருள் தொங்கும், அச்சுக்குப் போகும் பிடிஎஃப் பாதியில் நிற்கும். பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. ட்ரூடைப், அதாவது டிடிஎஃப் வகை எழுத்துருவுக்குள் திரையில் வடிவத்தைச் சீராக்கும் கட்டளைகள் உண்டு, கணினி அவற்றை இயக்கும். 2011-இல் ‘டுக்கு’ என்ற தீநிரல் வேர்டு ஆவணத்துக்குள் பொதிந்த ஒரு எழுத்துரு வழியாகத்தான், விண்டோஸின் ட்ரூடைப் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத, கட்டமைப்பு உடைந்த ஒரு கோப்பைக் கட்டாயப்படுத்தி உள்ளே ஏற்ற எந்த நியாயமும் இல்லை.

சிவப்புக்கு முதல் மருந்து, மூலத்திலிருந்து மறுபடி பதிவிறக்குவது. வேறு பிரவுசரில் இறக்கிப் பாருங்கள். பாதி வந்த கோப்பாக இருந்தால் இதிலேயே தீர்ந்துவிடும். மறுபடியும் அதே இடத்தில் சிவப்பு என்றால், புதிய பதிப்பு வந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எச்சரிக்கை வரியைப் படம் பிடித்து எழுத்துருவை உருவாக்கியவருக்கு எழுதுங்கள். உண்மையில் அவருக்கு அது உதவி.

எழுத்துரு எடிட்டரில் திறந்து மறுபடி ஏற்றுமதி செய்தால் எச்சரிக்கை போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். கூடவே ‘ஜிசப்’ விதிகள் சிலவும் போகக்கூடும். அதே பெயரில் இன்னொரு மாதிரி உருவாகி ஊர் சுற்றும். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் திருத்த அனுமதி உண்டு, ஆனால் உருவாக்கியவர் ஒதுக்கி வைத்த பெயரைத் திருத்திய பிரதிக்கு வைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. எழுத்துருத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

விண்டோஸ் இவ்வளவு விவரமாகப் பேசாது. ‘செல்லுபடியாகும் எழுத்துரு அல்ல’ என்று ஒரே வரி. மூன்றாம் படியில் கோப்பு சரி என்று உறுதியான பிறகும் அப்படி வந்தால் ‘சர்வீசஸ்’ பட்டியலைத் திறந்து ‘விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்’ சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். அது நிறுத்தப்பட்டிருந்தால் நல்ல எழுத்துருவையும் விண்டோஸ் செல்லாது என்றே சொல்லும். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்களை ஓட்டியவர்கள் இதில் மாட்டுவதுண்டு. சேவையைத் தொடங்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

லினக்ஸில் எஃப்சி-வாலிடேட் கட்டளை பெயரில் ஒத்திருந்தாலும் செய்வது வேறு. ஒரு மொழிக்குத் தேவையான எழுத்தெல்லாம் எழுத்துருவில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். தமிழைக் குறிப்பிட்டு ஓட்டினால் விடுபட்ட எழுத்துகளைச் சொல்லும். கட்டமைப்பு சரி என்பதற்கு அது சான்று ஆகாது.

கணினியில் நன்றாக ஓடும் எழுத்துருவை இணையப் பக்கத்தில் போட்டால் பிரவுசர் மறுப்பதும் நடக்கும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இணைய எழுத்துருக்களை ஓடிஎஸ் என்ற தனி வடிகட்டி வழியே விடுகின்றன. அது கண்டிப்பானது. காரணம் டெவலப்பர் கன்சோலில் அட்டவணைப் பெயரோடு வந்திருக்கும்.

7. தட்டச்சு செய்து சோதியுங்கள்

பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வெற்று ஆவணத்தில் இதை அடியுங்கள்: கொ, கோ, கௌ, டி, டீ, மு, கூ, க்ஷ, ஸ்ரீ, ௧௨௩. பிறகு தேர்ந்தெடுத்துப் புதிய எழுத்துருவை மாற்றுங்கள்.

வடிவம் மாறவே இல்லையென்றால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, வேறொரு எழுத்துரு அதற்குப் பதில் நிற்கிறது. கட்டங்கள் வந்தால் எழுத்து விடுபட்டிருக்கிறது. துணையெழுத்து புள்ளி வட்டத்தோடு தனியே நின்றால் எழுத்துருவிலோ மென்பொருளிலோ சேர்க்கை நடக்கவில்லை.

இதில் அநியாயமாகப் பழி சுமப்பது எழுத்துருதான். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் உடைந்தால் முதலில் பத்தி அமைப்பியை (‘கம்போசர்’) ‘வேர்ல்ட்-ரெடி’ வகைக்கு மாற்றிப் பாருங்கள். லிப்ரே ஆஃபிஸில் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ (எழுத்துகள் சேர்ந்து வடிவம் மாறும் மொழிகள்) வகையில் வரும். பாணி அமைப்பில் மேற்கத்திய எழுத்துருவை மாற்றினால் தமிழ் அசையாது. அதற்கென்று இருக்கும் தனிக் கட்டத்தில் மாற்ற வேண்டும்.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் வேறு கணக்கு. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. சரிபார்ப்பில் எந்தப் பிழையும் வராது, கட்டமைப்பு சரியாகவே இருக்கும். ஆனால் யூனிகோடில் அடித்த தமிழுக்கு அதைக் கொடுத்தால் எதுவும் மாறாது. அதில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அந்த எழுத்துரு பழைய ஆவணத்தைத் திறக்க மட்டும் போதும். தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் குறியாக்கத்தை மாற்றும் கருவி ஒன்றைக் கொண்டு உரையை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

8. நிறுவியும் தெரியவில்லை, அல்லது எல்லாமே குழம்பிவிட்டது என்றால்

முதலில் மென்பொருளை முழுதாக மூடித் திறங்கள். மேக்கில் சன்னலை மூடினால் போதாது, ‘க்விட்’ கொடுக்க வேண்டும். அப்புறம் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்துருக்களின் தற்காலிகச் சேமிப்பு கெட்டிருக்கலாம். மேக்கை ‘சேஃப் மோட்’ முறையில் ஒருமுறை தொடங்கினால் அந்தச் சேமிப்பு தானே அழிந்து புதிதாக உருவாகும். பிறகு வழக்கம்போல் தொடங்குங்கள். விண்டோஸில் ‘விண்டோஸ் ஃபான்ட் கேஷ்’ சேவையை நிறுத்தி, அதன் சேமிப்புக் கோப்புகளை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். லினக்ஸில் எஃப்சி-கேஷ் கட்டளையைக் கட்டாயப்படுத்தும் குறியோடு ஓட்டினால் முடிந்தது.

ஒரு எழுத்துரு நிறுவிய பிறகு குறிப்பிட்ட மென்பொருள் திறந்ததுமே மூடிக்கொள்கிறது என்றால், கடைசியாக நிறுவியதை நீக்கிப் பாருங்கள். கடைசியாக நிறுவியவை பல என்றால் பாதியை நீக்குங்கள். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது, இல்லையென்றால் மற்ற பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஒன்றில் வந்து நிற்கும். மேக்கில் நீக்காமலே தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கவும் வழி இருக்கிறது, அது இதற்கு இன்னும் வசதி.

9. ஆவணத்தை அடுத்தவருக்கு அனுப்பும்போது

உங்கள் கணினியில் நிறுவியது அவர் கணினியில் இருக்காது. வேர்டில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பகுதியில் எழுத்துருவை ஆவணத்துக்குள் பொதியும் வசதி உண்டு. அதை டிக் செய்தும் பொதியவில்லை என்றால் எழுத்துருவே அனுமதி மறுத்திருக்கலாம். பொதியலாமா, அச்சுக்கு மட்டுமா, கூடவே கூடாதா என்று உருவாக்கியவர் கோப்புக்குள்ளேயே குறித்து வைத்திருப்பார். விண்டோஸில் எழுத்துருவின் ‘ப்ராபர்டீஸ்’ விவரங்களில் இது தெரியும்.

திருத்தத் தேவையில்லாத ஆவணம் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அனுப்பும் முன் அக்ரோபாட் ரீடரில் ‘ப்ராபர்டீஸ்’, ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தைத் திறந்து, எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் வேறு எழுத்துருதான் தெரியும்.

திருத்த வேண்டிய ஆவணம் என்றால், உரிமம் அனுமதித்தால், நீங்கள் முதலில் பதிவிறக்கிய அதே ஜிப்பைச் சேர்த்து அனுப்புங்கள். நிறுவிய ஃபோல்டரிலிருந்து நகலெடுத்து அனுப்ப வேண்டாம். ஜிப்பில் உரிமக் கோப்பும் குடும்பத்தின் எல்லாப் பாணிகளும் சேர்ந்தே இருக்கும், இருவரிடமும் ஒரே பதிப்பு இருக்கும்.